சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிய வலது கால்

என் அன்பு மச்சான் மகாலிங்கம்,

நீ போய் ஆறு மாதமாகிறது. உன் தங்கச்சி என்னோடு சண்டை பிடிக்கும்போதெல்லாம் இப்போதும் "அண்ணை இருந்திருந்தால்" என்றுதான் தொடங்குகிறாள். இருந்திருந்தால் நீ என் பக்கம் நின்றிருப்பாய். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை விடு. போன சனிக்கிழமை வெள்ளவத்தை மைதானத்தில் நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். வெள்ளிக் கிண்ணம் போய்விட்டது, மச்சான். போக விட்டவன் நான்தான்.

உன் பெயரால் எங்கள் டெனிஸ் சங்கத்தார் ஒரு ஞாபகார்த்த ஆட்டம் வைத்தார்கள். நல்ல காரியம் என்று தலையாட்டினேன். பிறகுதான் சொன்னார்கள், பரிசு உன் வீட்டு அலுமாரியில் இருக்கிற கிண்ணம்தான் என்று. ஐந்து வருடத்துக்கு முன் நீயும் நானும் சோடி சேர்ந்து கொட்டாஞ்சேனைக்காரரிடம் வென்றது. ஞாயிறு தவறாமல் நீ திருநீறு போட்டு மினுக்கியது. உன் பெண்சாதி பரமேசு ஒரு சொல் மறுக்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டாள். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

"பயப்பிடாதை பரமேசு. சனிக்கிழமை பின்னேரமே கொண்டுவந்து அதே இடத்திலை வைப்பன்" என்று வாக்குக் கொடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைச் சங்கத்து மலரில் அச்சிடப்போகிறார்கள். ஊர் வாசிக்கட்டும். உன்னிடம் ஐந்து வருடமாக மறைத்த ஒன்றை இப்போது எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்.

நான் டெனிஸுக்கு வந்தது தேகப்பயிற்சிக்கல்ல. கொட்டாஞ்சேனையில் ஆணியும் கயிறும் விற்கிறவனிடம் பங்களா கட்டுகிற பெரிய மனிதர்கள் தாமாக வந்து கதைக்கமாட்டார்கள். கையில் மட்டையோடு நின்றால் கதைப்பார்கள். என் கணக்கு பிழைக்கவில்லை. பிழைத்தது கால். பதினெட்டு வயதில் கடை போட்ட நாள் முதல் வலது காலை முன்வைத்துத்தான் படி ஏறுகிறேன். சேர்விஸ் போடப் பந்தை மேலே எறிந்தால் போதும், அடிக்குமுன்னமே என் வலது கால் கோட்டைத் தாண்டிக் கடை திறக்கப் புறப்பட்டுவிடும். தாண்டினால் அந்தப் பந்து பிழை.

நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்!

"இடது கால் முன்னுக்கு, ஆனால் கோட்டுக்குப் பின்னாலை. வலது கால் அதுக்கும் பின்னாலை. பாரம் முதல் பின்காலிலை, பந்தை எறியேக்கை மெல்ல முன்காலுக்கு. அடிச்சு முடியுமட்டும் வலது கால் அசையப்படாது மச்சான்."

"அசையாமல் நிக்கிறதுக்கு நான் என்ன தந்திக் கம்பமே?"

"அப்ப கட்டிப்போடுறன்."

கட்டியே போட்டாய். என் கடை ஆணிப்பெட்டி, என் கடைத் தும்புக் கயிறு, என் கணுக்கால். பந்தை எறிந்தேன். பாரம் முன்காலுக்கு வந்தது, நெஞ்சும் வந்தது, தலையும் வந்தது, வலது கால் மட்டும் வரவில்லை. கிறவல் மண்ணில் மூக்குத் தேய விழுந்தேன். "கயிறு அறுந்துபோச்சோ?" என்று ஓடிவந்து கேட்டாய். எப்படி அறும்? என் கடைக் கயிறு அல்லவா!

அதன்பிறகு நான் வேறு வழி பார்த்தேன். சங்க விதியில் வெள்ளை உடை என்று இருந்ததே தவிர, காற்சட்டை என்று இல்லை. செயலாளர் அதை நாலு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டார். வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டி, வெறுங்காலோடு விளையாடினேன். மரியாதைக்கு என்று நீ எண்ணினாய். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தக் கரைக்குக் கீழே என் வலது கால் செய்கிற வேலையை எந்த நடுவரும் காணமுடியாது.

கிண்ணம் வென்ற அன்றைய கடைசிப் பந்து நினைவிருக்கிறதா? எதிர்ப்பக்கம் நின்ற ஆஸ்பத்திரி அப்போதிக்கரி அருளப்பு துள்ளினார்.

"கால் பிழை! கால் கோட்டைத் தாண்டினது!"

"எந்தக் கால் ஐயா? கண்டனீரோ?" என்று கேட்டேன்.

"எப்பிடிக் காணுறது? வேட்டி மறைக்குது!"

"மறைக்கிறதுக்குத்தானே ஐயா வேட்டி!"

சனம் சிரித்தது. நடுவராக இருந்த வக்கீல் பிறக்கிராசியாரும் சிரித்துக்கொண்டே புள்ளியை எங்களுக்குத் தந்துவிட்டார். நீ வலையடியிலிருந்து ஓடிவந்து, கோட்டடியில் காலை இழுத்து இழுத்து ஒரு கூத்துப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாய். சந்தோஷத்தில் ஆடுகிறாய் என்று நினைத்தேன். அந்தத் தீபாவளிக்கு எனக்கு இரண்டு வெள்ளைக் காற்சட்டையும் ஒரு சோடி சப்பாத்தும் வாங்கித் தந்தாய். "வயசு போகுது, வேட்டி தடக்கும்" என்றாய். அதற்குப் பிறகு நாங்கள் எதையும் வெல்லவில்லை.

போன சனிக்கிழமை அந்தக் காற்சட்டையோடுதான் இறங்கினேன். உன் இடத்தில் உன்னோடு கந்தோரில் வேலைசெய்த துரைராசா. எதிரே அதே அருளப்பு, வயிறு மட்டும் புதிது. நடுவரும் அதே பிறக்கிராசியார். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கிண்ணம் எங்களுக்கு. சேர்விஸ் என்னுடையது. பந்தை எறிந்த நேரம் கடற்கரை ரயில் கூவியது. பிறக்கிராசியார் வழக்கம்போல் ரயில் நேரத்துக்கு வருகிறதா என்று பொக்கெற் மணிக்கூட்டைப் பார்த்தார். என் வலது கால் கடை திறக்கப் போய்விட்டது. பந்து விழுந்தது, அருளப்பு விட்டுவிட்டார். "வெற்றி!" என்றார் பிறக்கிராசியார்.

சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சிவப்புக் கிறவலில், நீ வாங்கித் தந்த சப்பாத்தின் அடையாளம். வலையடியைப் பார்த்தேன். நீ நிற்கிற இடத்தில் துரைராசா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பரமேசுவுக்குக் கொடுத்த வாக்கும் நினைவில் இருந்தது. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"கால் பிழை."

"ஆற்றை கால்?" என்றார் பிறக்கிராசியார்.

"என்ரை கால்தான் ஐயா. வேறை ஆற்றை?"

அருளப்பு வலையடிக்கே வந்துவிட்டார். "வேலுப்பிள்ளை, உமக்குச் சுகமில்லையோ? நாடி பாக்கட்டே?"

இரண்டாவது பந்துக்குக் காலை ஆணி அடித்து இறுக்கியதுபோல் வைத்தேன். கால் அசையவில்லை. பந்து துரைராசாவின் பிடரியில் போய் விழுந்தது. அதோடு எல்லாம் சரிந்தது; கிண்ணம் அருளப்புவின் கைக்குப் போனது.

வெறுங்கையோடு உன் வீட்டுக்குப் போனேன். பரமேசுவிடம் அன்றைய கால் பிழையையும் சொன்னேன், ஐந்து வருடத்துக்கு முந்திய கால் பிழையையும் சொன்னேன். அவள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

"அவர் அண்டைக்கே கண்டவர் அண்ணை."

"எதை?"

"உங்கடை காலடியை. கோட்டுக்கு அங்காலை அஞ்சு விரலும் பதிஞ்சு கிடந்ததாம். சப்பாத்தாலை தேய்ச்சு அழிச்சுப்போட்டுத்தானாம் உங்களைக் கட்டிப்பிடிச்சவர்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கிண்ணத்தை மினுக்கேக்கை அதை ஒருநாளும் பாக்கமாட்டார்" என்றாள். "யன்னலைப் பாத்துக்கொண்டுதான் மினுக்குவார். அதுதான் கேட்ட உடனை தூக்கிக் குடுத்தனான். நீங்கள் திருப்பிக் கொண்டுவந்திடுவியளோ எண்டு இண்டைக்கு முழுக்க எனக்குப் பயம்."

அந்த இடத்தில் இப்போது சீனிப் போத்தல் இருக்கிறது. அங்கே எறும்பு வராதாம்.

கந்தோர்ப் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன் நீ. எனக்காகவா அதைச் செய்தாய்? இல்லை, உனக்கும் அந்தக் கிண்ணத்தில் அவ்வளவு ஆசை இருந்ததா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருவரும் சேர்ந்தே வெட்கப்பட்டிருக்கலாமே, மச்சான்?

இப்போது காலையில் கடைக்குப் போகுமுன் வீட்டு முற்றத்தில் கோடு கீறி, ஆணிப்பெட்டியில் காலைக் கட்டிக்கொண்டு பத்துப் பந்து அடிக்கிறேன். இன்று நாலு தரம் விழுந்தேன். உன் தங்கச்சி குசினி வாசலில் நின்று எண்ணுகிறாள். கயிறு இன்னும் அறவில்லை.

இது என் வாக்கு. அந்தக் கிண்ணத்தை ஒருநாள் இரண்டு காலும் கோட்டுக்குப் பின்னால் நிற்க வெல்வேன். வென்று உன் படத்துக்கு நேரே, பரமேசு சம்மதித்தால் ஒரே ஒரு நாள், வைப்பேன். அன்றைக்கு நீ யன்னலைப் பார்க்க வேண்டியதில்லை.

ஆணிப்பெட்டியில் இன்னும் கட்டுண்டிருக்கும்
உன் தங்கச்சி புருஷன், உன் மச்சான்,
வேலுப்பிள்ளை