வளவுக்குள் தொலைந்த தோடு

14 ஓகஸ்ட், வியாழன்

அடுத்த மாதம் தங்கச்சியோடு நுவரெலியாவுக்குப் போகிறேன். அங்கே நாள் முழுக்க நடைதான். போன தடவை பழக்கமில்லாமல் நடந்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நொந்து, இரண்டாம் நாளே அறைக்குள் படுத்துவிட்டேன். இந்த முறை இப்போதிருந்தே மண் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகச் சொன்னார் டொக்டர். இடையில் விடவும் கூடாதாம்.

அக்கராயன் ரோட்டில் நடந்தால் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் நிற்கிறது. "ஏறுங்கோ டீச்சர்." என் கணவருக்கு அது வெட்கமாம். "சனம் என்ன கதைக்கும்? வீட்டைச் சுத்தி வளவுக்குள்ள நடவும்" என்றார்.

வளவுக்குள் நடந்தேன். இன்று பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், சுத்திச் சுத்தி வாறீங்கள்? ஏதும் துலைச்சுப் போட்டீங்களோ?"

சும்மா நடக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அக்கா, ஒரு தோடு" என்றேன்.

அக்கா ஓடி வந்தார். வீட்டுக்குள்ளிருந்து கணவரின் அம்மா, மாமியும் டோர்ச்சோடு வந்தார். நான் திரும்பி நின்று ஒரு தோட்டைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டேன். இருட்டும்வரை மூவரும் குனிந்து மண்ணைத் துழாவினோம். கடைசியில் மாமி சொல்லிவிட்டார்: "தோடு கிடைக்கும்வரைக்கும் ஒருத்தரும் இஞ்சை கால் வைக்கப்படாது."

தோடு என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. நாளைக்கு அதைக் கண்டெடுத்தால் வளவுக்குள் கால் வைக்கலாம். பிறகு ஏன் சுற்றுகிறேன் என்று அக்கா கேட்பார். மற்றத் தோட்டையும் தொலைக்க வேண்டியதுதான்.