கை கொடுக்காத ஞாயிறு

அன்பு மகள் ஷீலாவுக்கு அப்பா எழுதுவது. திருமுடிவாக்கம் பட்டறையில் வேலை செய்த பையன் முதாசிர் ஏணியிலிருந்து விழுந்து சாகவில்லை. முதலாளி இரும்புக் குழாயால் மண்டையில் அடித்துக் கொன்றார். அங்கே வேலை செய்யும் உன் தம்பி சாலமன் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறான். நாங்கள் உடம்பளவில் நலம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். எப்போதும்போல் சமாதானம் என்று எழுதித் தொடங்க இந்த முறை கை வரவில்லை. போனில் சொன்னால் நடுவில் வெட்டுவாய், அதனால்தான் கடிதம்; எழுதி முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன்.

ஏன்டா போலீஸில் சொல்லவில்லை என்றதற்கு, "இன்னாப்பா, நானா அடிச்சேன்? பாத்துகினு இருந்தேன், அவ்ளோதான். நமக்கு எதுக்கு பேஜாரு" என்றான். நீயும் போனில் அவனிடம் அதையேதான் கொஞ்சம் நல்ல தமிழில் சொன்னாய். சட்டப் புத்தகம் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். கொலை நடந்தது தெரிந்தவன் சொல்லியே ஆக வேண்டும், வேண்டுமென்றே மறைத்தால் ஆறு மாதம் வரை ஜெயில், தடயத்தை அழித்திருந்தால் ஏழு வருஷம் வரை போகும். ரத்தம் கிடந்த தரையைக் கழுவினாயா என்று சட்டையைப் பிடித்துக் கேட்டேன். தண்ணீர்க் குழாயைக் கையில் திணித்தார்கள், கீழே போட்டுவிட்டேன் என்று அழுதான். நான் நம்புகிறேன். கோர்ட்டும் நம்ப வேண்டுமானால் அவனாகவே போக வேண்டும், பிடித்து இழுத்துப் போகும்வரை காத்திருக்கக் கூடாது.

முதலாளி பம்மலுக்குப் போய் முதாசிரின் அப்பா அத்தாவுல்லாவிடம் விபத்து என்று பேசி முடித்துவிட்டார். அவரும் நம் சபைதானே, போன ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் சமாதானம் சொல்லிக் கை கொடுத்துக்கொள்ளும் நேரத்தில் என் பெஞ்சுக்கே வந்து, "சமாதானம், அண்ணா" என்று கையை நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சபையே பார்த்தது. "அண்ணனுக்கு வயசாயிடுச்சு" என்று சிரித்தார். அன்றிலிருந்து பலர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் போகட்டும்.

அங்கே குளிர் என்றாய், பிள்ளைகளின் காதை மூடி அனுப்பு. கர்த்தர் உங்களைக் காப்பாராக. இனி நடக்க வேண்டியது இது. நாளைக் காலை சாலமன் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். நான் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். உன் அம்மா செல்லம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பம்மலுக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நீ இன்றிரவே தம்பிக்குப் போன் போட்டு, முன்பு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, போடா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சமாதானத்தை நான் அதற்குப் பிறகுதான் எழுதுவேன்.

இப்படிக்கு,
கையை நீட்டாத உன் அப்பா
ஏசுபாதம், சேலையூர்