ஐந்து கிறிஸ்துமஸ் கவுன்கள்

12-6-63, புதன்

விடியுமுன்பே மழை. இந்த வருஷத்து முதல் மழை. ஒற்றை அறைக் கோலி முழுக்க ஈரத்துணி வாடை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி மகள் ரூபியின் உடுப்புகளைக் காயப்போட்டேன்.

மத்தியானம் மாதுங்காவில் ஊழிய வகுப்பு. ஆப்பிரிக்கா போக எங்களையும் சேர்த்து நான்கு தம்பதிகள். ஆண்களுக்குப் பிரசங்கப் பயிற்சி, தனி அறை. பெண்களுக்கு ஞானம்மாள் அம்மா. மொம்பாசாவில் வெகுகாலம் ஊழியம் செய்துவிட்டு வந்தவர்கள். இன்று ஊசி போடும் பழக்கம், மோசம்பிப் பழத்தில் குத்தி. எனக்குக் கை நடுங்கவில்லை. "பாருங்க, எஸ்தர் கை கல்லு மாதிரி நிக்கி" என்று மற்றவர்களுக்குக் காட்டினார்கள்.

சுவாகிலிச் சொற்கள்: மாஜி, தண்ணீர். சும்வி, உப்பு. ம்டோட்டோ, குழந்தை.

பிள்ளைகளை அங்கே கொண்டுபோக அனுமதி இல்லை. ரூபிக்குப் பாளையங்கோட்டையில் ஹாஸ்டல். மாசக் கடைசியில் கொழுந்தன் வந்து கூட்டிப்போவான். அவளுக்கு இப்போது ஆறு வயது. நாங்கள் திரும்ப ஐந்து வருஷம்.

22ஆம் தேதி கமிட்டி. புருஷனையும் பெண்சாதியையும் தனித்தனியாகக் கேட்பார்களாம். ஒருவர் மாட்டேன் என்றால் இரண்டு பேரும் இல்லை. ரூபி அப்பா வாலிப வயதிலிருந்து முழங்காலில் நின்று கேட்ட காரியம். கமிட்டி முடிந்ததும் ஒர்க்‌ஷாப் வேலையை விடுவதாக இருக்கிறார்கள்.

இரவு ரசம், துவையல். கணக்கு சரி.

14-6-63, வெள்ளி

மழை. பால் திரிந்துவிட்டது.

ஞானம்மாள் அம்மா வேதத்தில் வரும் அன்னாளைப் பற்றிப் பேசினார்கள். பெற்ற பிள்ளையை ஆலயத்தில் விட்டவள். வருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "அவ அழுதாளா? பாடுனா. நீங்களும் கமிட்டில சிரிச்ச முகமா சொல்லணும்." எல்லோரும் ஆமென் என்றோம்.

அன்னாள் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாள். அப்படியும் போன வருஷத்துப் பிள்ளைக்கல்லவா தைத்திருப்பாள்? அளவு எப்படித் தெரிந்தது? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

திரும்பி வந்து சாம்பாருக்கு வெங்காயம் உரித்தேன். அதற்கும் கண் கசியவில்லை.

15-6-63, சனி

மழை விட்டது. சயான் கடைத்தெருவில் துணி வாங்கினேன். பூப்போட்ட பாப்லின், நூல்கண்டு, பொத்தான் ஒரு அட்டை. ஊழியச் செலவில் எழுத முடியாது, வீட்டுச் செலவிலும் சேராது. தனிப் பக்கம் போட்டேன்.

ரூபிக்குக் கவுன்கள். ஏழு வயதுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, அப்படியே பதினொன்று வரை. வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு வார்டன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கட்டும்.

அளவுக்கு என்ன செய்வது? குழாயடியில் சந்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றன. டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்கா குடத்தை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"என்னட்டி எஸ்தரு, தையக்கடை போடப் போறியா? கப்பலேறப் போறேன்னுல்லா சொன்னே?"

"ரூபிக்குத்தான் அக்கா. வரப்போற வருசங்களுக்கு."

"அதுக்கு எம்மவ இடுப்ப எதுக்கு அளக்க? இவ தின்னு கொழுத்த கழுத. ஒம்மவ ஓணானுல்லா!"

அவள் மகள், "யம்மா, ஒன்ன விடவா?" என்றது. முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிறகு அக்காவே பிள்ளைகளை வயதுவாரியாக நிறுத்தினாள். "ஏளா, நேரா நில்லு. இது ரூபிக்கு ஒம்போது வயசு." அடுத்ததைப் பிடித்து இழுத்து, "இது பத்து." அளந்து முடித்ததும் என் குடத்தையும் சேர்த்துத் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

18-6-63, செவ்வாய்

கை மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று முடிந்தது. பெரியவற்றுக்கு விளிம்பில் நான்கு விரல் மடிப்பு.

ரூபி பதினொரு வயதுக் கவுனை மாட்டிக்கொண்டு கோலிக்குள் நடந்தாள். தரையில் இழுபட்டது.

"யம்மா, இது ஒனக்கா?"

"ஒனக்குத்தான்."

"நான் இம்புட்டு ஆவனா? நீ பாத்தியா?"

கழற்றி மடித்துவைத்தேன்.

ஹாஸ்டல் நம்பரைச் சிவப்பு நூலில் எல்லாவற்றிலும் தைக்க வேண்டும். ஜட்டி, துண்டு, போர்வை உட்பட. பாதி ஆயிற்று.

ரூபி அப்பா படுக்கும்போது, "மனசு எப்படியிருக்கு?" என்று கேட்டார்கள். "நல்லாருக்கு" என்றேன். பொய்யில்லை. ஒன்றும் வலிக்கவில்லை.

20-6-63, வியாழன்

பெட்டி கட்டும் பரீட்சை. தம்பதிக்கு ஒரு கப்பல் பெட்டி. அவரவர் வீட்டில் கட்டி மாதுங்காவுக்குக் கொண்டுவர வேண்டும். ரூபி அப்பா கைவண்டி பிடித்துத் தள்ளிவந்தார்கள். ஞானம்மாள் அம்மா எல்லோர் முன்னாலும் திறந்து, ஒவ்வொரு சாமானாக எடுத்து, இது எதற்கு என்று கேட்பார்கள்.

எங்கள் பெட்டியில் மேலே வேதம், கொசுவலை, மருந்து. அடியில் கவுன்கள். ஐந்தும்.

"இது என்ன எஸ்தர்? பிள்ளதான் வரலியே. கப்பல் பெட்டில எதுக்கு?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை, அவளுக்கு இரண்டு பையன்கள். நானா வைத்தேன்? ரூபி அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ரூபியின் ஹாஸ்டல் டிரங்கைத் திறந்தேன். உள்ளே, கப்பல் பெட்டிக்கென்று எடுத்த என் வாயில் சேலை மூன்று. மடித்து, மேலே பாச்சா உருண்டை போட்டு, ஒழுங்காக.

மாற்றிவைத்தேன்.

21-6-63, வெள்ளி

மழை. ரேஷனில் கோதுமைதான், அரிசி இல்லை. உபவாசம். சொல்லவேண்டியதைச் சொல்லிப் பழகினேன்: "மனப்பூர்வமாகச் சம்மதம்." சுலபமாக வருகிறது.

22-6-63, சனி

கமிட்டி. மேசைக்குப் பின்னால் மூன்று பெரியவர்கள். ரூபி அப்பா முதலில் போய் வந்தார்கள். முகத்தில் வெளிச்சம். பிறகு நான்.

நடுவில் இருந்த போதகர் ஐயா தயவாகத்தான் கேட்டார். "மகளை விட்டுட்டு வர ஒனக்கு மனப்பூர்வமான சம்மதமாம்மா?"

வாயைத் திறந்தேன். பழகினது வரவில்லை.

"ஏழு வயசுல அவ என்ன உசரம் இருப்பான்னு எனக்குத் தெரியல ஐயா. அடுத்த வீட்டுப் பிள்ளைகள அளந்துதான் தச்சேன்."

"அது பரவாயில்லம்மா. சம்மதமா?"

"இல்ல ஐயா."

ஓரத்தில் இருந்தவர் ஏதோ எழுதினார். போகலாம் என்றார்கள். வணக்கம் சொன்னேன்.

வெளியே ரூபி அப்பா. "என்ன கேட்டாங்க?"

"சம்மதமான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன் அத்தான்."

நடந்தே வந்தோம். நல்ல மழை, ஒரே குடை, அவர்கள் கையில். எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தார்கள் என்று கவனிக்கவில்லை. வீட்டில் பார்த்தபோது அவர்கள் சட்டை முழுக்க நனைந்திருந்தது. என் தோள் காய்ந்திருந்தது.

24-6-63, திங்கள்

மழை இல்லை. ரூபி அப்பா வேலைக்குப் போனார்கள். இன்னும் பேசவில்லை. நேற்று ஆராதனையில் பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. சோற்று டப்பாவைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். போகும்போது ரூபி தலையில் கை வைத்தார்கள், வெகுநேரம்.

ஜெபிக்க உட்கார்ந்தேன். கர்த்தரிடம் என்ன சொல்வது? அவருக்குத் தெரியும். எழுந்துவிட்டேன்.

கவுன்களை எந்தெந்தப் பிள்ளையை அளந்தேனோ அதற்கே கொடுத்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. செல்லக்கனி அக்கா மகளுக்கு இடுப்பில் கச்சிதம். அக்கா மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பம் போகலியாட்டி?" என்றாள். "இல்ல" என்றேன். உள்ளே போய் ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொண்டுவந்தாள்.

ரூபிக்கு அழுகை. "எல்லாருக்கும் குடுத்திட்ட. எனக்கு?"

மிச்சம் பாப்லின் கொஞ்சம் இருக்கிறது. கதவோடு ஒட்டி நிறுத்தி டேப்பைப் பிடித்தேன். குதிகாலைத் தூக்குகிறாள். நேரா நில்லுட்டி என்றால் இன்னும் தூக்குகிறாள்.