கவிழ்த்த தட்டில் படிந்த மை

சேசு மரி சூசை துணை

கோவிலூர்
1944 மாசி, விபூதிப் புதன் கழிந்த வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அருள்சாமிக்கு அம்மா முத்தம் கொடுத்து எழுதிக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. நீ பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க சர்வேசுரனை மன்றாடுகிறேன். ராக்கினிக்குப் பிள்ளை பெற்ற உடம்பு தேறிவிட்டது, பால் இருக்கிறது. உன் மகள் வெளிச்சம் பார்த்துத் தலையைத் திருப்புகிறாள், உன் தம்பி கஸ்பாருக்கு இருந்த மாதிரியே காது மடங்கி இருக்கிறது. தம்பி செத்த வூட்டில் அண்ணனுக்குப் பிள்ளை பிறந்தது, மனசைத் தேற்றிக்கொள் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், ஒன்றுக்கு ஒன்று ஈடாகுமா சாமி. மழை இல்லை, கேழ்வரகு பாதிதான் கண்டது, ரேசன் அரிசியில் கல் பொறுக்கியே கண் போகிறது.

உன் காயிதம் வந்தது. பட்டாளத்து லாரி ரிப்பேர் செய்கிற கொட்டகைக்கு மேலேயே மாடியில் ரூம் கொடுத்திருக்கிறார்கள், ராக்கினியையும் பிள்ளையையும் பொம்மிடியில் ரயிலேற்றிவிடு என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் அவள் துணி மூட்டை கட்டிவிட்டாள், நான்தான் அவிழ்க்கச் சொன்னேன். அதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன் மகனைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் என் புருசனையும் என்னையும் பிரித்து வைக்கிறாள் கிழவி என்று பக்கத்து வூட்டு முனியம்மாளிடம் சொன்னாளாம், அவளும் அதை உப்புக் காரம் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொட்டினாள். நான் கோபப்படவில்லை. சின்னப் பெண், புருசனோடு இருக்க ஆசை இருக்காதா. காரணத்தை அவளிடம் வாயால் சொல்லப் போனால் எனக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வருகிறது, அதனால் உனக்கு எழுதுகிறேன், நீ அவளுக்கு எழுது.

கஸ்பார் வேலை பார்த்தது எப்படி என்று உனக்குத் தெரியாது, நீ வந்தது அடக்கத்துக்குத்தான். சண்டையில் பெட்ரோல் கிடைக்காமல் சேலம் பஸ்ஸைக் கரியை எரித்து எடுக்கிற கரிகேஸில் ஓட்டினார்களே, அதன் பின்னால் மாட்டியிருக்கிற உலைப் பீப்பாயில் கரி போட்டுக் காற்றுச் சக்கரம் சுற்றுகிற வேலை அவனுக்கு. விடிகாலையில் கரி பற்றுகிறபோது கெட்டிப் புகை வரும், அப்போது ஈரத்துணியை மூக்கோடு கட்டிக்கொள்வான். டிரைவர் அர்ச்சுனன் அதைப் பார்த்து, என்னடா கஸ்பாரு கல்யாணப் பொண்ணாட்டம் முக்காடு போட்டுக்கிட்ட, மாப்பிள்ளை வூட்டார் வந்தாச்சா என்று சிரிப்பானாம். உலை நன்றாகக் கனிந்து இஞ்சின் பிடித்ததும் புகை கண்ணுக்குத் தெரியாது. புகை போச்சு என்று துணியை அவிழ்த்து இடுப்பில் சொருகிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறி இறங்குகிற வரைக்கும் அங்கேயே பின்னால் உட்கார்ந்து வருவான், மழைக்காலத்தில் உலைச் சூடு இதமாக இருக்குது அம்மா என்பான். கரிகேஸ் வேலை பார்த்த எல்லாருமே அப்படித்தான், துணி கறுத்தால் பயந்தார்கள், துணி வெளுப்பாக இருந்தால் காற்று நல்ல காற்று என்று நினைத்தார்கள். மேலுக்கு அவன் சுத்தமாகத்தான் இருப்பான், தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பான். நெஞ்சுதான் உள்ளுக்குள்ளே கெட்டுப்போய்விட்டது. ஆஸ்பத்திரி சிஸ்டரம்மா, பெரிய தூசியை மூக்கு நிறுத்திவிடும், பொடியிலும் பொடியாக இருப்பது நிற்காமல் உள்ளே போய்விடும் என்றார்கள். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

விளங்கினது உன் மகளுக்குப் பொட்டு மை கூட்டினபோது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த திரியைப் போட்டு விளக்கெண்ணெய் விளக்கு ஏற்றி, மூன்று கல் வைத்து மேலே தட்டைக் கவிழ்த்தேன். வூட்டில் இதற்கு ஆகிற வேறு தட்டு இல்லை, கஸ்பார் சோறு தின்ற வெண்கலத் தட்டுதான், அவன் போனதிலிருந்து யாரும் தொடாமல் வைத்திருந்தது. சுடர் அசையாமல் எரிந்தது, அதற்கு மேலே புகை என்று ஒரு இழைகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறினபிறகு தட்டைத் திருப்பினால் அட்டைக் கறுப்பு, விரலால் தொட்டால் பொடி இருப்பதே தெரியாத மாவு. ஒன்றும் இல்லை என்று நினைத்த இடத்திலிருந்து இவ்வளவும் வந்திருக்கிறதே. சோற்று உலை கொதிக்கிறபோதும் பார்த்திருக்கிறேன், மூடி ஓட்டையை ஒட்டி ஒன்றும் தெரியாது, விரற்கடை தள்ளி வெளிக் காற்றுப் பட்ட இடத்தில்தான் வெள்ளையாக ஆவி. மார்கழிக் குளிரில் தருமபுரி ஸ்டாண்டில் நின்ற லாரிக் குழாயிலும் அதேதான், வாயில் ஒன்றும் இல்லை, ஒரு சாண் தள்ளி நீலமாக ஒரு நூல், அதற்கப்புறம் அதுவும் கலைந்துபோகும். சூட்டில் உருவம் இல்லாமல் வருவது குளிர்ந்த காற்றுப் பட்டதும் பொடியாக உறைகிறது, பிறகு பரவிக் கண்ணுக்கு மறைகிறது. மறைந்தால் போய்விட்டது என்று ஆகுமா.

நீ எழுதியிருக்கிறாய், இது பெட்ரோல் வண்டி, கரி வண்டி இல்லை, மாடியில் காயப்போட்ட வேட்டி வெள்ளையாகவே இருக்கிறது என்று. அதைப் படித்ததும்தான் துணி மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன். கஸ்பாரும் துணியைக் காட்டித்தான் பேசினான். அந்த ஊரில் எத்தனை லாரி, எத்தனை ஆலை, எத்தனை அடுப்பு, ஊரே ஒரு பெரிய விளக்கு மாதிரி எரிகிறது, அதற்கு மேலே கவிழ்த்த தட்டு உங்கள் நெஞ்சுதான் சாமி. உன் கொட்டகையில் காலையில் வண்டிகளை ஒன்றாக ஓடவிட்டுச் சோதிக்கிறீர்கள், அந்த மூச்செல்லாம் படி வழியாக மாடிக்குத்தான் ஏறும், அங்கே தொட்டில் கட்டச் சொல்கிறாய். அம்மா எழுத்துக் கூட்டுகிறதோடு சரி, மேலே படிக்காதவள், துக்கத்தில் புத்தி மாறி எழுதுகிறாள் என்று நினைக்காதே. துக்கம் இருக்கிறதுதான், நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் கண் தெரிகிறது. கொட்டகையை விட்டுத் தள்ளி, காற்று ஓடுகிற இடமாக, கடல் பக்கமோ எங்கேயோ, ஓலைக் குடிசையாக இருந்தாலும் ஒரு இடம் பார். நடை தூரம் என்று சலித்துக்கொள்ளாதே. ஓடுகிற வண்டிக்குப் பின்னால் நின்று பீடி பிடிப்பதையும் விடு. இடம் கிடைத்தது என்று நீ எழுதின அன்றைக்கே உன் சித்தப்பா சவுரியப்பன் துணையோடு இரண்டு பேரையும் அனுப்பிவிடுகிறேன், ஒரு ரயில்கூடத் தாமதிக்கமாட்டேன். அதுவரைக்கும் ராக்கினி என்னை ஏசினால் ஏசட்டும்.

பெரிய தாயார் மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பது உனக்கும் உன் பிள்ளைக்கும் சேரட்டும். தம்பியின் வருசப் பூசை வருகிறது, அன்றைக்கு அங்கே கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, ஏற்றிவிட்டுத் தள்ளி நின்று வேண்டிக்கொள்.

இன்னும் ஒன்று. பிள்ளை நெற்றி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பேத்திக்கு ஒரு பொட்டு வைக்க மனசு வரலையா லூர்து, கண்ணு பட்டுடாதா என்று முனியம்மாள் தினமும் இடிக்கிறாள். அந்தக் கறுப்பைத் தொட்டு அதன் நெற்றிக்குக் கொண்டுபோக எனக்குக் கை எழவில்லை. தட்டை வழிக்காமல் அப்படியே மூலையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வேறு இடம் பார்த்துவிட்டேன் என்று நீ எழுது, அதிலிருந்து எடுத்துக் குழைத்து அவள் சித்தப்பன் கஸ்பார் பேரைச் சொல்லிப் பொட்டு வைத்து ரயிலேற்றுகிறேன்.

இப்படிக்கு
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
லூர்தம்மாள்