இடப்பக்கம் இழுக்கும் வண்டி

கோயம்புத்தூர்
3 ஜூன் 2025

அன்புள்ள மக்கா ஜெப்சன்,

சுகம்தானே? வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் பஸ் பார்சலில் டயரோடு கடிதமும் வருகிறது.

போன மாதம் உன் கடையில் சக்கரங்களை நேராக்கி அலைன்மென்ட் பார்த்த என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ரேஸ் ட்ராக்கில் பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. இங்கே இரண்டு கடைகளில் சரிசெய்தேன். நாலு ரவுண்டு ஓடியதும் பழைய குணம். டயரின் உள்விளிம்பைப் பார், எலி கடித்ததுபோல் இருக்கிறது. உன் மெஷின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது, கோபிக்காதே. வண்டியின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்தும் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே வேலையிலிருக்கும் உன் தங்கச்சி பிரீனா ஞாயிறுதோறும் ட்ராக்குக்கு வருகிறாள். வாடகைக் காரில் என்னை முந்துகிறாள். உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அபிலாஷ்

நாகர்கோவில்
5 ஜூன் 2025

ஏலே அபிலாஷ்,

என் மெஷினையா குறை சொல்கிறாய்? உன் எடைக்கு அரிசி மூட்டையை டிரைவர் சீட்டில் ஏற்றிவைத்தல்லவா அளவு பார்த்தேன்! கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

விளையாட்டு போகட்டும். திருத்திய அளவு நிற்கவில்லை என்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று அசைகிறது என்று அர்த்தம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக்கை வண்டியோடு சேருமிடத்தில் புது வெல்டிங், அதன்மேல் கறுப்பு பெயின்ட். நான் பார்த்தபோது அது இல்லை. யார் வைத்தது?

அது விட்டால் சக்கரம் மடங்கிவிடும் மக்கா. ஓட்டுகிறவன் பிழைப்பது கர்த்தர் கையில். போனும் எடுக்க மாட்டேன் என்கிறாய். வண்டியைத் தொடாதே.

உன்
ஜெப்சன்

கோயம்புத்தூர்
6 ஜூன் 2025

அன்புள்ள ஜெப்சன்,

போனில் பேசத் தைரியமில்லை. வெல்டிங் வைத்தது நான்தான். ட்ராக்கின் ஓரக்கல்லில் ஏறி இறங்கியபோது விரிசல் விட்டது. புதிது மாற்றக் கையில் காசில்லை. நீ அலைன்மென்டிலேயே சமாளித்துவிடுவாய் என்று நினைத்துத்தான் டயரை அனுப்பினேன்.

உன் கடிதம் வருமுன் வண்டியை விற்றுவிட்டேன். வாங்கியது பிரீனா. ஜெப்சன் பார்த்த வண்டி என்றதும் அவள் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. வெல்டிங்கைப் பற்றி நான் சொல்லவில்லை. நாளைக் காலை உன்னை அதிசயப்படுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு வருகிறாள். சாதாரண ரோட்டுக்கு அந்த வெல்டிங் தாங்கும்டா. நீயே பார்த்து ஒழுங்காக்கிவிடு.

மன்னித்துக்கொள்.
அபிலாஷ்

நாகர்கோவில்
7 ஜூன் 2025

அபிலாஷுக்கு,

பஸ் ஸ்டாண்டில் கவரை வாங்கி அங்கேயே படித்தேன். பிரீனாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று அவளைப் பழக்கியவனே நான்தான். ஒவ்வொரு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் செத்தேன்.

ஊருக்குக் கொஞ்சம் முன்னால், காவல்கிணற்றில் டீ குடிக்க நிறுத்தியவள் கூப்பிட்டாள். "அங்ஙனயே நில்லு, வண்டில ஏறாத" என்று கத்தினேன். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். தூக்கிப் பார்த்தால் உன் வெல்டிங் பிளந்து நிற்கிறது. ஒரு ரூபாய் நாணயம் உள்ளே போகிறது.

"லேசா இடப்பக்கம் இழுத்துதுண்ணே. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துன்னுல்லா நெனச்சேன். நீ பாத்த வண்டியாச்சே!" என்றாள்.

நான் அரிசி மூட்டை வைத்துப் பார்த்த சீட்டுடா அது. அதில் என் தங்கச்சியை உட்காரவைத்து, என் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கிறாய்.

அபிலாஷ் அண்ணனுக்கு இது தெரியாதுதானே என்று கேட்டாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது அவங்க எழுத்துதானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

இனி டயரும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

ஜெப்சன்