தோல் நிறப் பென்சில்

அக்கா, இன்று காலை எங்கள் கிண்டர்கார்டனுக்குப் புதிய வண்ணப் பென்சில்கள் வந்தன. பெட்டியைத் திறந்ததும் மெழுகும் மரமும் கலந்த அந்த வாசம். கூடவே, நாம் சேர்ந்து வேலை பார்த்த, ஜெர்மனியின் ஹம் நகரத்து வகுப்பறையும் உங்கள் உரத்த குரலும் வந்துவிட்டன.

அபேனா வந்து சேர்ந்த புதிதில் எப்படி இருந்தாள்! கானாவிலிருந்து வந்தவர்களின் மகள், நான்கு வயது, எந்நேரமும் பாடுவாள், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் காகத்தோடும் கதைப்பாள். ஒருநாள் ஒரு பையன், "உன் கை அழுக்கு, கழுவு" என்றான். கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் 'தோல் நிறம்' என்று அழைத்த இளஞ்சிவப்புப் பென்சிலால் தன்னையும் வரைந்தாள். மெல்லப் பாட்டு நின்றது. பிறகு பேச்சும் நின்றது. பேச்சு வளர்ச்சி பிந்திவிட்டது, பரிசோதிக்க வேண்டும் என்றார் தலைமை ஆசிரியை.

"நாக்கிலை ஒரு பிழையும் இல்லை. நாங்கள்தான் பிள்ளையின்ரை வாயைப் பூட்டி வைச்சிருக்கிறம்," என்று என்னிடம் பொருமினீர்கள்.

மறுநாள் அந்தப் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி, பிள்ளைகள் பின்னால் ஊர்வலம் வர, அதன் சொந்தக்காரரைத் தேடிப் புறப்பட்டீர்கள். தலைமை ஆசிரியை விடுமுறை வெயிலில் காய்ந்து செங்கல்லாக இருந்தார், பொருந்தவில்லை. தபால்காரரின் மூக்கு தக்காளி. அந்தப் பையனின் கை பால்மா. உங்கள் கையை நீட்டி, "இது முறுகின தோசை," என்று எனக்கு மட்டும் தமிழில் சொல்லிக் கண்ணடித்தீர்கள். கடைசியாகச் சாப்பாட்டு மேசைக்குப் போனோம். தட்டு நிறைய வூர்ஸ்ட், வட்ட வட்டமாக வெட்டிய பன்றி இறைச்சி. பென்சிலைப் பக்கத்தில் பிடித்தீர்கள். அச்சொட்டாக அதே நிறம்!

"வூர்ஸ்ட்!" என்று முதலில் கத்தியது அபேனாதான்.

அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் 'வூர்ஸ்ட் நிறம் தா' என்றே கேட்டார்கள். தன் மாமியாரை மகன் வூர்ஸ்ட் நிறத்தில் வரைந்துவிட்டான் என்று அந்தப் பையனின் தாய் சண்டைக்கு வந்தார். நீங்கள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், மாமியாரையும் ஒருநாள் கூட்டிவரச் சொன்னீர்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாமாம். அந்தப் பையனையும் அபேனாவையும் ஒன்றாக இருத்தி வண்ணம் குழைக்க விட்டீர்கள். அவள் தனக்கான நிறத்தைக் குழைத்து, அதற்குத் தன் பெயரையே வைத்தாள். ஆனாலும் கை கழுவுவது நிற்கக் கனநாள் எடுத்தது.

சென்ற மாரியில், உங்கள் இறுதிச் சடங்கில், என்னைவிட உயர்ந்து நின்ற அபேனா, ஒரே ஒரு சொல் பேசலாமா என்று கேட்டாள். ஒரு சொல்லாம்! ஐயர் செருமினார், மணிக்கூட்டைப் பார்த்தார், கடைசியில் என் காதுக்குள், "நேரம் போகுது, நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார்.

"ஏலாது ஐயா. பிள்ளை கதைக்கட்டும்."

இப்போதும் காலையில் பிள்ளைகள் வட்டமாக இருக்கும்போது ஒரு பிள்ளை முடிவில்லாமல் கதைத்தால் நான் நிறுத்துவதில்லை. சமையல்காரி கத்துகிறாள், சூப் ஆறுகிறதாம்.

ஆறட்டும்.