மாப்பிள்ளை வண்டியும் ஆயிரத்து எழுநூறு கிலோவும்

ஜூன் 9, திங்கள்

மேட்டூரிலிருந்து முருகானந்தம் சார் மறுபடியும் போன் செய்தார். ஓய்வு பெற்றுவிட்டார், முப்பதாம் தேதிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவரிடம் நான் வாங்கிய பழைய கான்டெசா கார் இன்னும் அவர் ஷெட்டில்தான் நிற்கிறது. அதற்குள் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்காரர் வந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போவார். எஞ்சின் ஓடாது. டிரெய்லரில் ஏற்றி இழுத்துத்தான் வர வேண்டும்.

படிப்பு, கல்லூரி வேலை, இப்போது மாப்பிள்ளை - எல்லாம் மற்றவர்கள் பார்த்து வைத்தவை. நானாகப் பார்த்து எடுத்தது அந்தக் கார் ஒன்றுதான்.

ரெக்கவரி வண்டியை வாடகைக்குப் பிடித்தால் அரை நாள் வேலை என்று சொன்னேன். அப்பா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார். "ஊட்டுல இத்தன வண்டி நிக்கறப்ப வாடகை வண்டியக் கூப்பிட்டா ஊருக்குள்ள தல காட்ட முடியுமா சாமி?"

திருச்செங்கோட்டு மானம் டயரில் இருக்கிறது. காற்று இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

பெரியப்பா காளியண்ணன் தன் பட்டறையில் செய்து வைத்திருக்கும் டிரெய்லரைத் தருகிறார். இழுப்பது எது? மூன்று மணி நேரம் ஆண்கள் பேசினார்கள். ஒருவர் டிராக்டர் என்றார். மேட்டூர் போய் வருவதற்குள் எனக்கு வளைகாப்பே முடிந்துவிடும். ஒருவர் எஞ்சின் குதிரைத்திறனை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிரேக் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இழுப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் ஊர், நிறுத்துவதைப் பற்றி ஏன் யோசிப்பதில்லை?

கார் ஆயிரத்து இருநூறு கிலோ, டிரெய்லர் ஐந்நூறு. டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. இழுக்கும் வண்டி அதைவிடக் கனமாக இருக்க வேண்டும். பெரியப்பாவின் பழைய டீசல் ஜீப் போதும். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பெரியப்பா படித்துத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து அன்பரசு அப்பாவுக்குப் போன் செய்தார்.

அன்பரசு - ஆவணியில் எனக்கு நிச்சயம் செய்யப்போகும் மாப்பிள்ளை. சேலம் ஃபேர்லேண்ட்ஸ். புது வண்டி வாங்கி இரண்டு மாதம். "நம்ம வண்டியே இழுத்துரும் மாமா, எதுக்கு யோசிக்கிறீங்க" என்றாராம். அவ்வளவுதான். காகிதம் மடிந்து பெரியப்பா சட்டைப்பைக்குள் போய்விட்டது. மாப்பிள்ளை வண்டி பற்றாது என்று மாப்பிள்ளையிடம் யார் சொல்வது?

ஜூன் 15, ஞாயிறு

அன்பரசு வண்டியோடு வந்திருந்தார். உயரமாக, பளபளவென்று, ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ. உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். டேஷ்போர்டைத் திறந்தேன். கையேடு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. சரி, படிக்காமலே தெரிந்தவர்களின் வரிசையில் இன்னும் ஒருவர்.

"ஏனுங்க, இதப் பிரிக்கவே இல்லீங்களா?" என்றேன்.

"வண்டி ஓட்டத்தானுங்க வாங்கினேன்" என்று சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 18, புதன்

எல்லோருக்கும் தெரியும். லாரி விற்று, போர்வெல் ரிக் விற்று, லாரிக்குப் பாடி கட்டியே பிழைத்த குடும்பம். அந்த வண்டி இழுக்காது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். விழித்திருக்கும்போது சொல்ல மாட்டார்கள்.

நான்? நானும்தான். இங்கே மட்டும் வாய் நீள்கிறது.

ஜூன் 20, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஞாயிறு குலதெய்வக் கோயிலில் பூ கேட்கப் போகிறோம். வெள்ளைப் பூ வந்தால் மாப்பிள்ளை வண்டி, சிவப்பு வந்தால் பெரியப்பா ஜீப். கல்யாணத்துக்குப் பூ கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். வண்டி இழுக்கும் திறனுக்குக் கேட்பது எங்கள் குடும்பத்தில்தான் ஆரம்பம்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

பெரியப்பாதான் பூவைப் பொட்டலம் கட்டினார். சாமி முன்னால் இரண்டையும் வைத்தார். எடுப்பதற்கு அக்கா மகள் நிலா. ஐந்து வயது. ஒன்றை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். பிரித்தார். செவ்வரளி. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்பரசுவின் அம்மாவும் "சாமி சொன்னா செரிதானுங்க" என்றார்.

அதற்குள் நிலா இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்துவிட்டாள். அதிலும் செவ்வரளி.

"ரெண்டுமே செவப்பு, தாத்தா."

அன்பரசுவின் அம்மா முகம் இறுகிவிட்டது. எம்பட பையன் வண்டிய வேண்டாம்னு சொல்ல இத்தன நாடகமா, கட்டிக்கப் போற ஊட்டுல இப்படியா என்று ஆரம்பித்தார். பெரியப்பா தரையைப் பார்த்தார். போயிற்று என்று நினைத்தேன் - கல்யாணமும் காரும் ஒரே பொட்டலத்தில். எதற்கு முதலில் பதறினேன்? காருக்கு. உண்மை அதுதான்.

அன்பரசு கீழே கிடந்த பூவை எடுத்துக் கோயில் படியில் வைத்தார்.

"என் வண்டி இழுக்காதுங்க மாமா. அன்னைக்கு இவிய கேட்டப்புறம் அந்தப் புக்கப் பிரிச்சுப் படிச்சுட்டேன். சொன்ன வாய வச்சுக்கிட்டு எப்படிப் பின்வாங்கறதுன்னுதான் சும்மா இருந்தேன்."

பிறகு தன் அம்மாவிடம், "பெரிய மாமா பொய் சொல்லல, நான்தான் சொன்னேன்" என்றார். அம்மா போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அத்தனை பேரில் வாயைத் திறந்து சொன்னது அந்த ஓர் ஆள். நான் எழுதிக் கொடுத்த காகிதம் அப்போதும் பெரியப்பா பையில்தான் இருந்திருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

ஜீப்தான் இழுத்தது. அன்பரசு காலியாகப் பின்னால் வந்தார், எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு. அவர் அம்மா வரவில்லை.

கான்டெசா ஷெட்டுக்குள் முகத்தைக் கொடுத்து நின்றதால் பின்பக்கமாகவே டிரெய்லரில் ஏற்றினோம். முகம் பின்னால் போகிறதே என்று பெரியப்பா கேட்டார். எப்படி ஏற்றினாலும் எடை ஒன்றுதானே என்றேன். இயற்பியல் சொல்லிக் கொடுப்பவள்.

எடப்பாடிக்கு முன்னால் வேகம் அறுபதைத் தொட்டதும் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. ஜீப்பின் பின்பக்கத்தையே தூக்கி அசைத்தது. பெரியப்பா பதறாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டார். அன்பரசுவின் போன்: "கனமெல்லாம் பின்னாடி இருக்குதுங்க. எஞ்சின் முன்னாடி வரணும். நிறுத்தச் சொல்லுங்க."

எடை எவ்வளவு என்று பார்த்தேன். எங்கே உட்கார்கிறது என்று பார்க்கவில்லை. இருபது நாளாக எல்லோரையும் முட்டாள்கள் என்று எழுதிய கை இது.

ஒரு தறிப்பட்டறை வாசலில் இறக்கினோம். தறி ஓட்டுபவர்கள் நான்கு பேர் வந்து தள்ளினார்கள். காரைத் திருப்பி, முகம் முன்னால் வர ஏற்றிக் கட்டினோம். அதன் பிறகு ஆடவே இல்லை. "என் கணக்குத் தப்புங்க" என்றேன் அன்பரசுவிடம். பெரியப்பாவின் காதில் விழும்படி சொன்னேன். சொல்ல முடிகிறது.

ஜூலை 2, புதன்

கார் வாசலில் நிற்கிறது. அன்பரசுவின் அம்மா இன்னும் பேசவில்லை. நிச்சயம் ஆவணியா தையா என்று அப்பாவுக்குக் கவலை.

ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாற்றப் போகிறேன் என்று அன்பரசுவிடம் போனில் சொன்னேன். அப்பா பேருக்கா, அண்ணன் பேருக்கா என்றுதான் இதுவரை எல்லோரும் கேட்டார்கள்.

"உங்க பேர்ல இனிஷியல் ஒண்ணுதானுங்களா, ரெண்டுங்களா? ஆதார்ல இருக்கற மாதிரியே போடோணும்" என்றார்.

ஞாயிறு கார்புரேட்டர் கழற்றுகிறேன். பழைய சட்டை போட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒன்று அவரிடம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.